வேலையிட விபத்தும் பொது இட விபத்தும்: எதிர்த்தரப்பு வக்கீலிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, சேலம் பக்கம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் மில், லாரி, ரிக் (ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டி) முதலாளிகளுக்கும் நஷ்டஈட்டு வழக்குகளில் ஆஜராகிறேன். ஜூனியர்களும் ஆலைகளின் எச்ஆர் அதிகாரிகளும், சில சமயம் அடிபட்டவரின் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இது பொதுவான விளக்கம்தான். உங்கள் வழக்குக்கு, காகிதங்களைப் பார்த்த வக்கீல் சொல்வதுதான் கணக்கு.

எதிர்த்தரப்பு வக்கீல் என்றால் கிரிமினல் வக்கீலா?

இல்லை. தொழிலாளியோ, அவர் குடும்பமோ, கடைக்கு வந்து அடிபட்டவரோ நஷ்டஈடு கேட்டு மனுப் போடுவார்கள். அந்த மனுவில் எதிர்மனுதாரராக நிற்கும் முதலாளி, இன்சூரன்ஸ் கம்பெனி, நகராட்சி, மின்வாரியம் போன்றவர்களுக்கு வக்காலத்துப் போடுகிறவர் இவர். அதே விபத்துக்கு போலீஸ் வழக்கு தனியாக ஓடும். அதற்குப் பெரும்பாலும் வேறு வக்கீல் இருப்பார்.

தப்பு தொழிலாளியுடையது என்று நிரூபித்துவிட்டால் வழக்கு முடிந்துவிடும் இல்லையா?

முதலாளிகள் என்னிடம் வந்ததும் சொல்கிற முதல் வாக்கியம் இது: "சார், அவன்தான் கையை விட்டான், மெஷின்ல ஒரு குறையும் இல்ல."

வேலையிட விபத்துக்கு 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் (2025 நவம்பர் 21-க்கு முந்தைய விபத்துகளுக்கு இதுதான்; புதிய சட்டத் தொகுப்பைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) தப்பு யாருடையது என்று கேட்பதில்லை. விபத்து வேலையின் காரணமாகவும், வேலையின் போதும் நடந்ததா என்பதுதான் அதன் கேள்வி. அஜாக்கிரதையாகக் கையை விட்டவருக்கும் நஷ்டஈடு உண்டு. மோட்டார் வாகன வழக்கில் சொல்வது போல "பாதித் தப்பு அவருடையது, பாதியைக் கழியுங்கள்" என்று வாதாட இங்கே இடமில்லை.

அப்படியானால் வக்கீலுக்கு என்ன வேலை? அவர் அந்த முதலாளியிடம் வேலை பார்த்தவர்தானா, விபத்து வேலையோடு தொடர்புள்ளதா, சம்பளம் எவ்வளவு, உடல் பாதிப்பால் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போயிற்று என்ற நான்கு கேள்விகள்தான் சண்டைக்குரியவை. அதற்கு மேல், பணத்தைக் கட்டுவது முதலாளியா இன்சூரன்ஸ் கம்பெனியா என்ற சண்டை. என் அனுபவத்தில், இந்த மனுக்களை விசாரிக்கும் தொழிலாளர் துறை அதிகாரியான ஆணையர் முன்பு சத்தம் அதிகமாகக் கேட்பது இந்தக் கடைசிச் சண்டையில்தான். தொழிலாளி பெரும்பாலும் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்.

குடித்திருந்தால்கூடவா?

குடி அல்லது போதை, பாதுகாப்புக்கான உத்தரவை வேண்டுமென்றே மீறியது, மெஷினின் காவல் தடுப்பை வேண்டுமென்றே கழற்றியது ஆகிய மூன்றிலும் முதலாளிக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் விபத்தில் மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டிருந்தால் இந்த விலக்கு செல்லாது. ஆக, பெரிய தொகை வருகிற வழக்கில் இந்த வாதம் கைகொடுக்காது. சின்ன வழக்கிலும் நிரூபிக்கும் சுமை நம் தலையில்தான். "தடுப்பைக் கழற்றாதே" என்று சுவரில் போர்டு மாட்டியிருந்தோம் என்பது மட்டும் போதாது. உற்பத்தி குறையக்கூடாது என்று சூப்பர்வைசரே கழற்றி வைத்திருந்தார் என்பது குறுக்கு விசாரணையில் வெளியே வந்துவிட்டால், அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

மரணத்துக்கு மாதச் சம்பளத்தில் பாதியையும், நிரந்தர முழு ஊனத்துக்கு 60 சதவீதத்தையும் எடுத்து, வயதுக்கேற்ற காரணி எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண்கள் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் இருக்கின்றன: 25 வயதுக்கு 216.91, 30-க்கு 207.98, 35-க்கு 197.06, 40-க்கு 184.17. கணக்குக்கான சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2020 ஜனவரி 3 முதல் அது மாதம் 15,000 ரூபாய்.

35 வயதுக்காரர், மாதம் 18,000 சம்பளம், விபத்தில் இறந்துவிட்டார் என்று வையுங்கள். 15,000-ல் பாதி 7,500. அதை 197.06-ஆல் பெருக்கினால் 14,77,950 ரூபாய். அதே ஆள் கட்டைவிரலை மட்டும் இழந்திருந்தால், முதல் அட்டவணைப்படி திறன் இழப்பு 30 சதவீதம். 15,000-ல் 60 சதவீதமான 9,000-ஐ 197.06-ஆல் பெருக்கி, வரும் 17,73,540-ல் 30 சதவீதம் எடுத்தால் 5,32,062.

இதன் மேல் வருடத்துக்கு 12 சதவீதம் தனி வட்டி. முதலில் சொன்ன மரண வழக்கை மூன்று வருடம் இழுத்தால் வட்டி மட்டும் 5,32,062 ரூபாய் ஆகிறது. அதாவது வாய்தா வாங்கியே ஒரு கட்டைவிரலின் விலையைக் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். வட்டி தீர்ப்பு நாளிலிருந்துதான் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஒரு காலத்தில் வாதாடி வந்தன. விபத்து நாளிலேயே பணம் கடனாகிவிடுகிறது என்று 1976-லேயே பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் சொல்லப்பட்டதுதான் சரி என்று, 2012-ல் சிபி ஜார்ஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. இப்போதும் அந்தப் பழைய வாதத்தை எதிருரையில் (மனுவுக்கு நாங்கள் எழுதித் தரும் பதிலில்) எழுதுகிற ஜூனியர்கள் இருக்கிறார்கள். பழைய எதிருரையை அப்படியே காப்பி அடிப்பதால் வரும் வினை.

சம்பளத்தை யார் நிரூபிக்க வேண்டும்?

மனுவில் 25,000 என்று இருக்கும். முதலாளி 9,000 என்பார். உச்சவரம்பு இருப்பதால் 15,000-க்கு மேல் எவ்வளவு சொன்னாலும் கணக்கு மாறாது. எனவே சண்டை அதற்குக் கீழேதான். சம்பளப் பதிவேடு, பிஎஃப் பதிவு, வங்கி வரவு இருந்தால் விஷயம் ஐந்து நிமிடத்தில் முடியும். பாதியை வங்கியிலும் பாதியைக் கையிலும் கொடுக்கிற பழக்கம் உள்ள ஆலைகளுக்கு வாதாடுவது கஷ்டம். சம்பளத்தைக் குறைத்துக் காட்டினால் குறைந்தபட்சக் கூலியே கொடுக்கவில்லை என்று நாமே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். ஆணையராக உட்கார்ந்திருப்பவர் தொழிலாளர் துறை அதிகாரி என்பதை மறந்துவிட்டு இதைச் சொல்லும் முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஊன சதவீதத்தில் அப்படி என்ன பெரிய சண்டை?

இந்தத் தொழிலின் பாதி அதுதான். மேலே சொன்ன கணக்கில் ஒவ்வொரு சதவீதமும் 17,735 ரூபாய். டாக்டர் 45 என்கிறார், நாங்கள் 15 என்கிறோம் என்றால் நடுவில் ஐந்து லட்சத்துக்கு மேல் நிற்கிறது.

விரல், கை, கால், கண் போன வகைகளுக்கு முதல் அட்டவணையிலேயே சதவீதம் இருக்கிறது. கட்டைவிரலுக்கு 30, ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14, மற்றக் கண் நன்றாக இருந்து ஒரு கண் போனால் 40. அட்டவணையில் இல்லாத காயங்கள்தான் சிக்கல். எலும்பு முறிந்து கூடிய கால், மடங்காத முட்டி, முதுகுத்தண்டு வலி இவற்றுக்கெல்லாம் தகுதியுள்ள மருத்துவர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

பெரும்பாலான வழக்குகளில் சான்றிதழ் கொடுப்பவர் சிகிச்சை அளித்த டாக்டராக இருக்க மாட்டார். விபத்து நடந்து ஒரு வருடம் கழித்து ஒருமுறை பார்த்து எழுதியிருப்பார். குறுக்கு விசாரணையில் நான் கேட்பது எளிமையான விஷயங்கள்தான்: நீங்கள் சிகிச்சை அளித்தீர்களா, எக்ஸ்ரே எப்போது எடுத்தது, முறிவு கூடியிருக்கிறதா, மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, எந்த வழிமுறைப்படி கணக்கிட்டீர்கள், சொன்ன சதவீதம் அந்தக் காலுக்கா, முழு உடலுக்கா. கடைசிக் கேள்வியில்தான் பல சான்றிதழ்கள் சரியும். காலில் 40 சதவீதம் என்பது முழு உடலில் 40 சதவீதம் ஆகாது.

ஆனால் இது இரண்டு பக்கமும் வெட்டும் என்பதை ஜூனியர்கள் மறக்கக்கூடாது. சட்டம் கேட்பது உடல் ஊனத்தை அல்ல, சம்பாதிக்கும் திறனை. மேலே சொன்ன 1976 பிரதாப் நாராயண் வழக்கில் அடிபட்டவர் ஒரு தச்சர், இடது கை துண்டிக்கப்பட்டிருந்தது. ஒரு கையை வைத்துக்கொண்டு தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் 100 சதவீத இழப்பு என்றது தீர்ப்பு. மோட்டார் வழக்கானாலும் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற 2011-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் படித்துவிடுங்கள். மருத்துவச் சதவீதத்திலிருந்து தொழிலுக்கான இழப்புக்கு எப்படிப் போக வேண்டும் என்பதை அவ்வளவு தெளிவாக விளக்கியது வேறில்லை. கணுக்கால் மடங்காத லாரி டிரைவருக்கு "வெறும் 20 சதவீதம்தான்" என்று நான் வாதாடினால், "இவருக்கு லைசென்சைப் புதுப்பித்துக் கொடுப்பார்களா?" என்று ஆணையர் கேட்பார். அதற்குப் பதில் இல்லாமல் 20 என்று சொல்லக்கூடாது.

விபத்து அறிவிப்பு வந்த மூன்று நாளுக்குள் இலவசப் பரிசோதனைக்கு அழைக்கும் உரிமை முதலாளிக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. அதை யாரும் பயன்படுத்துவதில்லை. பிறகு வந்து சான்றிதழ் பொய் என்பார்கள்.

எங்கள் ஆலையில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. அப்படியும் வழக்கு வருமா?

வரும், ஆனால் நிற்காது. ஈஎஸ்ஐ சட்டத்தின் 53-வது பிரிவு, ஈஎஸ்ஐ-யில் உள்ள தொழிலாளி அதே வேலைக் காயத்துக்கு முதலாளியிடம் வேறு சட்டத்தின் கீழ் நஷ்டஈடு கேட்பதைத் தடுக்கிறது. அதனால் கட்சிக்காரரிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே "ஈஎஸ்ஐ நம்பர் இருக்கிறதா?" என்பதுதான். சம்பள வரம்பு 2017 முதல் மாதம் 21,000 ரூபாய். அதைத் தாண்டியவர்களுக்கு ஈஎஸ்ஐ இல்லை. அவர்களுக்கு இழப்பீட்டுச் சட்டம்தான்.

சந்தா கட்ட வேண்டிய முதலாளி கட்டாமல் விட்டிருந்தால்? 2003-ல் பாரகத் இன்ஜினியரிங் வழக்கில், கட்டாததால் தொழிலாளியின் ஈஎஸ்ஐ உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. குடும்பத்துக்கு ஈஎஸ்ஐ பணம் கொடுக்கும், பிறகு முதலாளியிடம் வசூலிக்கும். விபத்து நடந்த மறுநாள் அவசர அவசரமாகப் பெயர் சேர்க்கிற வேலை மட்டும் வேண்டாம். ஆன்லைன் பதிவில் மணி நேரமே விழுந்துவிடுகிறது.

வேலைக்கு வரும் வழியில் நடந்த விபத்துக்குமா நாங்கள் பொறுப்பு?

இது சமீபத்தில் மாறிய விஷயம். 1996-ல் பிரான்சிஸ் டி கோஸ்டா வழக்கில், சைக்கிளில் ஆலைக்கு வந்துகொண்டிருந்தவர் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் லாரி மோதி அடிபட்டதை வேலைக் காயம் அல்ல என்றார்கள். பல வருடம் நாங்கள் அதை வைத்துத்தான் ஜெயித்தோம். 2010-ல் ஈஎஸ்ஐ சட்டத்தில் 51-ஈ என்ற பிரிவு சேர்ந்தது. வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் இடையிலான விபத்தும் வேலை விபத்தே, விபத்தின் சூழலுக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் வேலையோடு தொடர்பு இருந்தால் போதும் என்றது அது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதே விளக்கத்தை இழப்பீட்டுச் சட்டத்துக்கும் பொருத்தியது. சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் அதிகாலை ஷிப்டுக்குப் பைக்கில் வரும்போது இறந்த வழக்கு அது.

இனி வாதாட இடம் இருப்பது அந்தத் தொடர்பில்தான். ஷிப்ட் நேரம், வழக்கமான பாதை, நடுவில் வேறு வேலையாகத் திரும்பினாரா என்பவற்றைப் பார்க்க வேண்டும். "ஆலை கேட்டுக்கு வெளியே" என்ற ஒற்றை வரி வாதம் செல்லாக்காசு.

வேலையில் மாரடைப்பு வந்து இறந்தால்?

வேலைப்பளுவுக்கும் மாரடைப்புக்கும் தொடர்பை மனுதாரர் காட்ட வேண்டும். வேலை நேரத்தில் நடந்தது என்பது மட்டும் போதாது என்று 2007-ல் சகுந்தலா ஸ்ரேஷ்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நடைமுறையில், இரவெல்லாம் ஓட்டிய டிரைவர் ஸ்டியரிங்கிலேயே சாய்ந்தால் ஆணையர் தொடர்பைக் காண்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்திருந்த செக்யூரிட்டிக்குக் காண்பது கடினம். பிரேதப் பரிசோதனை இல்லாத வழக்குகளில் இரண்டு பக்கமும் இருட்டில்தான் நிற்கிறோம்.

அவர் எங்கள் ஆள் இல்லை, கான்ட்ராக்டர் ஆள். எங்களை ஏன் சேர்த்தார்கள்?

உங்கள் வழக்கமான தொழிலின் ஒரு பகுதியைக் கான்ட்ராக்டரிடம் கொடுத்திருந்தால், 12-வது பிரிவின்படி உங்களிடமே நேரடியாகக் கேட்கலாம். கட்டிவிட்டு, கான்ட்ராக்டரிடம் திரும்ப வசூலிப்பது உங்கள் பாடு. மேஸ்திரிக்கு ஜிபே செய்த ரசீதைத் தவிர வேறு ஒப்பந்தமே இல்லை என்றால் வசூலிப்பதும் கனவுதான். இன்சூரன்ஸ் பாலிசியில் கான்ட்ராக்டர் ஆட்களையும் சேர்த்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள்.

சிவகாசிப் பக்கம் இதன் இன்னொரு முகம் தெரியும். லைசென்ஸ் ஒருவர் பெயரில், அறைகள் உள்குத்தகைக்கு வேறொருவர் கையில், கூலி கொடுப்பது மூன்றாமவர். வெடித்த பிறகு மூவரும் மற்ற இருவரைக் கைகாட்டுவார்கள். பாலிசி லைசென்ஸ்தாரர் பெயரில் இருக்கும். அந்தக் குத்தகையே சட்டவிரோதம். யார் முதலாளி என்பதிலேயே விசாரணை மாதக் கணக்கில் ஓடும். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து எடுத்தது. ஆணையர் அலுவலகத்தில் மட்டும்தான் வழக்கு வரும் என்று எண்ணியிருக்க முடியாது.

இன்சூரன்ஸ் கம்பெனியும் முதலாளியும் ஒரே பக்கம்தானே? ஒரே வக்கீல் போதாதா?

பாலிசி நிபந்தனைகளில் தகராறு இல்லாதவரை ஒரே பக்கம். தகராறு வந்த நிமிடமே எதிரெதிர்.

வழக்கமாக வருபவை இவை. 20 ஆட்களுக்கு பிரீமியம் கட்டி 60 பேரை வைத்திருப்பது. எல்லோரையும் சாதாரண வேலைக்காரர் என்று காட்டிவிட்டு பாய்லரில் நிறுத்துவது. விபத்தை ஒரு வருடம் கழித்துச் சொல்வது. சம்பளத்தைக் குறைத்து அறிவிப்பது. இப்படிப்பட்ட வழக்கில் இரண்டு பேருக்கும் நானே ஆஜராவது ஒழுங்கல்ல. முதலாளியைத் தனி வக்கீல் வைக்கச் சொல்லிவிடுவேன்.

அப்புறம், வட்டியும் அபராதமும். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வட்டியோடு 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். வண்டிகளுக்கான கட்டாய இன்சூரன்சில் வட்டியைக் கம்பெனி கட்டும், அபராதத்தை முதலாளியே கட்ட வேண்டும் என்று 1997-ல் வேத் பிரகாஷ் கர்க் வழக்கில் முடிவானது. ஆலைகள் எடுக்கும் தனி பாலிசியில் வட்டியையும் விலக்கி எழுதிக்கொள்ள கம்பெனிக்கு உரிமை உண்டு என்பது 2006-ல் ஹர்ஷத்பாய் மோதியா வழக்கில் வந்த தீர்ப்பு. இதை முதலாளிகள் படித்துப் பார்ப்பதே இல்லை. "முழு இன்சூரன்ஸ் இருக்கு சார்" என்று நிம்மதியாக மூன்று வருடம் வாய்தா வாங்குவார்கள். முடிவில் அந்த வட்டி அவர்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகும்.

அப்படியானால் முதலாளி விபத்து நடந்ததும் என்ன செய்ய வேண்டும்?

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லுங்கள். தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கு உரிய அறிவிப்பை அனுப்புங்கள். சிசிடிவி பதிவு தானாக அழிவதற்கு முன் எடுத்து வையுங்கள், உங்களுக்குப் பாதகமாக இருந்தாலும் சரி. பதிவேட்டைத் திருத்தாதீர்கள். பிறகு, மறுக்க நியாயமான காரணம் இல்லை என்றால் ஒரு மாதத்துக்குள் தொகையை ஆணையரிடம் டெபாசிட் செய்யுங்கள். தொகையில் தகராறு இருந்தால் நீங்கள் ஒப்புக்கொள்ளும் அளவையாவது கட்டுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் ஒருவர் தன் கட்சிக்காரருக்குச் சொல்லக்கூடிய லாபகரமான யோசனை இதுதான். இதைச் சொன்னால் ஃபீஸ் குறையும் என்பதும் உண்மை.

குடும்பத்துக்கு இரண்டு லட்சம் கொடுத்து, ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கிவிட்டோம். போதாதா?

போதாது. மரண நஷ்டஈட்டை ஆணையரிடம் டெபாசிட் செய்ய வேண்டும் என்பது 8-வது பிரிவு. நேரடியாகக் கொடுத்தது சட்டப்படி கொடுத்ததாகவே ஆகாது. மூன்று மாதச் சம்பளம் வரை கொடுத்த முன்பணத்தை மட்டும் கழிக்கலாம். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய எந்த ஒப்பந்தமும் 17-வது பிரிவின்படி செல்லாது. பெரிய மனிதர்கள் முன்னிலையில் பேசி முடித்தது, ஊர்ப் பஞ்சாயத்துக் கையெழுத்து எல்லாம் இதில் அடக்கம். அந்தக் காகிதத்தால் ஒரே பயன்தான்: அவர் உங்கள் தொழிலாளி என்பதை மனுதாரர் நிரூபிக்கத் தேவையில்லாமல் போகிறது.

பொய் வழக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

முதல் காகிதத்தில். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகலை, ஏஆர் காப்பி என்போம், முதலில் வாங்கிவிடுவேன். வலியோடு வந்தவர் டாக்டரிடம் சொன்னது அதில் இருக்கும். "வீட்டு மாடிப்படியில் விழுந்தார்" என்று அதில் எழுதியிருந்து, மனுவில் "மில்லில் கோன் வைண்டிங் மெஷினில்" என்று இருந்தால் விஷயம் புரிந்துவிடும். அடுத்து எஃப்ஐஆர் பதிவான தேதி. விபத்து நடந்து நாற்பது நாள் கழித்து எஃப்ஐஆர் என்றால் இடையில் யாரோ யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த ஏஆர் காப்பியே முதலாளி செய்த வேலையாகவும் இருக்கலாம். கூட வந்த சூப்பர்வைசர் "பைக்ல விழுந்துட்டான்னு சொல்லு, செலவை நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லிக் கொடுத்து எழுதவைத்த வழக்குகள் உண்டு. அதனால் கூட வந்தவர் யார் என்ற கட்டத்தையும் பார்க்க வேண்டும். அங்கே நம் கட்சிக்காரரின் ஆள் பெயர் இருந்தால், அந்தக் காகிதத்தைக் காட்டி நான் பெருமைப்பட மாட்டேன்.

விபத்து சத்தீஸ்கரில், வழக்கு சேலத்தில். இது எப்படி?

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் நாமக்கல் லாரிகளும் நாடு முழுக்கப் போகின்றன. விபத்து நடந்த இடம் மட்டுமல்ல, மனுதாரர் குடியிருக்கும் இடத்திலும் மனுப் போடலாம் என்பது 21-வது பிரிவு. சாட்சிகளெல்லாம் அங்கே, வழக்கு இங்கே. இன்னொன்று: தன் தப்பால் லாரியைக் கவிழ்த்து இறந்த டிரைவரின் குடும்பத்துக்கு மோட்டார் தீர்ப்பாயத்தில் பெரிதாகக் கிடைக்காது. அவர்கள் தப்பு யாருடையது என்று பார்க்காத ஆணையரிடம்தான் வருவார்கள். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

கடைக்கோ மண்டபத்துக்கோ வந்த வெளியாள் விழுந்து அடிபட்டால்?

இங்கே ஆட்டம் வேறு. தப்பு யாருடையது என்பதுதான் இப்போது கேள்வி. இடத்தை வைத்திருப்பவர் நியாயமான கவனம் எடுத்தாரா, அடிபட்டவரின் கவனக்குறைவு எவ்வளவு என்றெல்லாம் வாதாடலாம். தரை துடைத்த நேரம், எச்சரிக்கைப் பலகை, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், வெளிச்சம் எல்லாம் சாட்சியம் ஆகும். வேலையிட வழக்கில் பயன்படாத என் கேள்விகளெல்லாம் இங்கே பயன்படும்.

சில விபத்துகள் மட்டும் தாமே பேசும். டெல்லி சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்து விழுந்து மக்கள் இறந்த வழக்கில், கூண்டு மாநகராட்சியின் பொறுப்பில் இருந்தது, விழுந்தது, அதற்கு மேல் அலட்சியத்தை மனுதாரர் நிரூபிக்க வேண்டியதில்லை என்று 1966-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பேனர் விழுவதற்கும் பால்கனி இடிவதற்கும் இன்றும் அந்தத் தீர்ப்பைத்தான் நம் முன்னால் நீட்டுகிறார்கள்.

உரிமையியல் வழக்கென்றால் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும், காலமும் ஆகும். எனவே எதிரி அரசு அமைப்பாக இருந்தால் பலர் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுகிறார்கள். உண்மைகளில் தகராறு இருந்தால் ரிட்டில் முடிவு செய்யக்கூடாது என்று 1999-ல் சுகமணி தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை முதல் பத்தியிலேயே எழுதுவோம். நீதிபதி சில சமயம் ஏற்பார், சில சமயம் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு "இதில் என்ன தகராறு?" என்பார்.

மின்சாரம் தாக்கினால்?

வாரியத்துக்கு வாதாடுவது மிகக் கடினம். ஜபல்பூரில் மழைநீரில் அறுந்து கிடந்த கம்பியால் சைக்கிளில் வந்தவர் இறந்தார். யாரோ திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டு மின்சாரம் எடுத்ததால்தான் கம்பி அங்கே வந்தது என்றது வாரியம். ஆபத்தான பொருளைக் கையாள்பவர் அதைக் காப்பாற்றத் தவறினால் பொறுப்பு அவருடையதே என்று 2002-ல் சைல் குமாரி வழக்கில் முடிந்தது.

பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, அது கடைகளுக்கும் உண்டா?

இல்லை. 1984 போபால் விஷவாயுவுக்குப் பிறகு, 1991-ல் வந்த சட்டம் அது. அபாயகரமான பொருள்களைக் கையாளும் நிறுவனங்களுக்கு மட்டும் கட்டாயம். பாதிக்கப்பட்டவர் ஐந்து வருடத்துக்குள் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம், யார் தப்பு என்று காட்ட வேண்டாம். அங்கே வாங்கியதோடு உரிமை முடிவதில்லை. மீதியை நீதிமன்றத்தில் கேட்கலாம். மண்டபம், மால், தியேட்டர் எடுப்பது விருப்பத்தின் பேரிலான தனி பாலிசி.

தோற்றால் அப்பீல் போகலாமா?

60 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் தொகை முழுவதையும் முதலில் டெபாசிட் செய்து சான்றிதழ் இணைக்க வேண்டும். சட்டம் சார்ந்த முக்கியக் கேள்வி இருந்தால் மட்டுமே அப்பீல் நிற்கும். சதவீதம் அதிகம், சம்பளம் அதிகம் என்பவை உண்மை பற்றிய விஷயங்கள். அதில் ஆணையர் சொன்னதே கடைசி என்று 2016-ல் கொல்லா ராஜண்ணா வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகவே சொல்லியிருக்கிறது. குறுக்கு விசாரணையில் கேட்காமல் விட்டதை அப்பீலில் பிடிக்க முடியாது.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டதே, இதெல்லாம் மாறிவிட்டதா?

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, 1923 சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. அடிப்படை அதேதான். வேலைக்கு வரும் வழி விபத்து சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. மேலே நான் சொன்ன எண்கள் எல்லாம் பழைய சட்டத்தினுடையவை. அந்தத் தேதிக்கு முந்தைய விபத்துகளுக்கு அவைதான் பொருந்தும். கையில் உள்ள வழக்குக் கட்டுகள் எல்லாம் இன்னும் பழையவையே.

இன்சூரன்ஸ் பேனலில் (கம்பெனி தன் வழக்குகளைக் கொடுக்கும் வக்கீல்கள் பட்டியலில்) எப்படிச் சேருவது?

பார் கவுன்சிலில் பதிவு, அகில இந்தியத் தேர்வு, பிறகு இந்த வேலை செய்யும் சீனியரிடம் சில வருடம். பொதுத்துறைக் கம்பெனிகள் அனுபவம் பார்த்து விண்ணப்பம் வாங்குகின்றன. ஃபீஸ் அட்டவணைப்படிதான், குறைவு, தாமதமாக வரும். கட்டுகள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் வண்டி ஓடுகிறது. சட்டத்தைவிட எலும்பைப் பற்றி அதிகம் படிக்க வேண்டியிருக்கும். சங்கடப்படாமல் ஒரு எலும்பு டாக்டரிடம் போய் எக்ஸ்ரே பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

கை போனவருக்கு எதிராக வாதாட மனசு உறுத்தாதா?

சில நாட்களில் உறுத்தும். கொடுக்க வேண்டியதை மறுக்கும் எதிருரையில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடுவதில்லை. அதற்காக ஒரு கட்சிக்காரரோ இரண்டு கட்சிக்காரரோ போனால் போகட்டும். மற்றபடி, கூட்டிச் சொன்ன சதவீதத்தைக் குறைப்பதில் எனக்கு வெட்கமில்லை. சான்றிதழ் வியாபாரத்தால் உண்மையில் முட்டி மடங்காதவரையும் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை வந்திருக்கிறது.

அடிபட்டது நான். எதிர்த்தரப்பு வக்கீலோ இன்சூரன்ஸ் ஆளோ நேரில் பேச வந்தால்?

உங்களுக்கு வக்கீல் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் உங்களிடம் நேரடியாகப் பேசக்கூடாது. அது பார் கவுன்சில் விதி. இன்சூரன்ஸ் புலனாய்வாளர் வரலாம், வீடியோ எடுக்கலாம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். லோக் அதாலத்தில் சமரசத்துக்கு அழைத்தால் போங்கள், ஆனால் மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் போட்டுக்கொண்டு போங்கள். பழைய சட்டப்படி மனுப்போட விபத்திலிருந்து இரண்டு வருடம் கெடு. வரும் பணத்தில் இத்தனை சதவீதம் எனக்கு என்று உங்கள் வக்கீல் எழுதி வாங்கினால், அதுவும் பார் கவுன்சில் விதிக்கு எதிரானதுதான்.